பெல்லினியின் ஓவியத்தில் ஒளியும் குறியீடும்

பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தின் கூட்டங்களில் மிகுதியாகப் புழங்கிய சொல் எது என்று எண்ணிப் பார்த்தேன். ‘குறியீடு’ என்பதே விடையாகத் தோன்றியது. கவிதை ஒன்று வாசிக்கப்பெற்றதும், அதில் வரும் பறவை எதைக் குறிக்கிறது, சாளரம் எதைக் குறிக்கிறது, மழை எதைக் குறிக்கிறது என்னும் வினாக்கள் எழும். எழுதிய கவிஞர் சில வேளை மகிழ்வார். சில வேளை திகைப்பார். வகுப்பறையில் நானும் பல்லாண்டுகளாக இவ்வினாக்களையே எழுப்பி வந்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை வகுப்பில் மாணவி ஒருத்தி எழுந்து, “அம்மா, அந்தக் கொக்கு வெறும் கொக்காக இருக்கக் கூடாதா?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். “தேர்வில் அப்படி எழுதினால் மதிப்பெண் கிடைக்காது” என்று கூறிவிட்டு அடுத்த செய்யுளுக்குச் சென்றேன். அவ்வினாவுக்கு நான் விடை கூறவே இல்லை என்பது பின்னரே உறைத்தது. அதனை உறைக்கச் செய்தது, ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஓர் இத்தாலிய ஓவியம். நூலகத்தில் ஒரு கலை நூலைப் புரட்டியபோது அதன் அச்சுப் பிரதியைக் கண்டேன். அவ்வோவியத்தை முன்வைத்து, ஒளி, நுண்விவரம், குறியீடு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கொள்ளும் உறவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓவியமும் அதன் வரலாறும்

ஓவியத்தின் பெயர் ‘வனாந்தரத்தில் புனித பிரான்சிஸ்’. வரைந்தவர் வெனிஸ் நகரத்து ஜியோவன்னி பெல்லினி. காலம் ஏறத்தாழ 1475 முதல் 1480 வரை. மரப்பலகையின்மேல் எண்ணெய் வண்ணத்தால் தீட்டப்பெற்றது. உயரம் ஏறத்தாழ 124 செ.மீ., அகலம் 140 செ.மீ. பெல்லினி ஓவியக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை யாக்கோப்போ, உடன்பிறந்த ஜென்டிலே, சகோதரியின் கணவர் மான்டேஞ்ஞா ஆகிய மூவரும் புகழ்பெற்ற ஓவியர்கள். 1506இல் வெனிஸுக்கு வந்த ஜெர்மானிய ஓவியர் டியூரர், பெல்லினி மிகவும் முதியவர், ஆயினும் ஓவியத்தில் இன்னும் அவரே தலைசிறந்தவர் என்று தம் நண்பருக்கு மடல் எழுதினார். பெல்லினி 1516இல் மறைந்தார்.

இவ்வோவியம் குறித்துக் கிடைக்கும் பழைய குறிப்பு 1525ஆம் ஆண்டுக்குரியது. வெனிஸ் நகரத்துக் கலைச் சுவைஞர் மார்க்கன்டோனியோ மிக்கியேல், தாதேயோ கொன்டாரினி என்னும் செல்வரின் இல்லத்தில் இதனைக் கண்டு எழுதி வைத்தார். வனாந்தரத்தில் இருக்கும் புனித பிரான்சிஸ். ஜுவான் மிக்கியேல் என்பவருக்காகத் தொடங்கப்பெற்ற எண்ணெய் வண்ணப் பலகை. அதில் வியக்கத்தகு நேர்த்தியுடன் நிறைவுசெய்யப்பெற்ற நிலக்காட்சி ஒன்று உள்ளது. அவர் கூறுவது இவ்வளவே. எது எதைக் குறிக்கிறது என்று அவர் எழுதவில்லை. ஓவியம் பிறந்து ஐம்பதாண்டு நிறைவதற்குள் அதனைக் கண்ட ஒருவருடைய கண்ணில் முதலில் பட்டது நிலமே என்பது கருதத்தக்கது.

அமெரிக்கச் செல்வர் ஹென்றி கிளே ஃபிரிக் 1915இல் இதனை வாங்கினார். அன்று முதல் இது நியூயார்க் நகரில் ஃபிரிக் தொகுப்பில் உள்ளது. அம்மாளிகை புதுப்பிக்கப்பெற்றபோது, 2021 முதல் 2024 வரை வேறொரு கட்டடத்தில், ஒற்றைச் சாளரம் கொண்ட தனி அறையில் இது மட்டும் தொங்கவிடப்பெற்றது. கொன்டாரினி இல்லத்தில் இதனுடன் இருந்த ஜியார்ஜியோனேயின் ‘மூன்று மெய்யியலாளர்’ ஓவியம் வியன்னாவிலிருந்து வரவழைக்கப்பெற்று, 2023ஆம் ஆண்டின் இறுதியில் இரண்டும் மீண்டும் ஒரே கூரையின்கீழ்க் காட்சிக்கு வந்தன. 2025இல் ஃபிரிக் மாளிகை மீண்டும் திறக்கப்பெற்றது.

காணாத வானதூதர்

பிரான்சிஸின் வாழ்வில் ஓவியர் பலர் விரும்பி வரைந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1224ஆம் ஆண்டு செப்டம்பரில், லா வெர்னா மலையில் அவர் நோன்பிருந்து வேண்டிக்கொண்டிருந்தபோது, ஆறு சிறகுகளையுடைய சேராபீன் என்னும் வானதூதர், சிலுவையில் அறையப்பட்ட கோலத்தில் காட்சி தந்தார் என்றும், கிறிஸ்துவின் ஐந்து காயங்கள் பிரான்சிஸின் கைகளிலும் கால்களிலும் விலாவிலும் பதிந்தன என்றும் அவருடைய வரலாற்று நூல்கள் கூறும். ஜொத்தோ வரைந்து, இன்று பாரிஸ் லூவர் காட்சியகத்தில் உள்ள பலகையில் இந்நிகழ்ச்சியைக் காணலாம். வானில் சேராபீன், கீழே மண்டியிட்ட துறவி, தூதரின் காயங்களிலிருந்து துறவியின் உடலுக்குப் பொற்கோடுகள் ஓடுகின்றன. காண்பவருக்கு ஐயமே எழாது.

பெல்லினியின் ஓவியத்தில் வானதூதர் இல்லை. பொற்கோடுகள் இல்லை. உடன் சென்றதாகக் கூறப்படும் சகோதரர் லியோவும் இல்லை. பிரான்சிஸ் மண்டியிடவில்லை, கைகளைச் சற்று அகற்றி, உள்ளங்கைகள் தெரிய நிற்கிறார். நீலமும் பசுமையும் கலந்த பாறைகளின் முன் நிற்கும் அவ்வுருவம் சிறியது. பலகையின் பெரும்பகுதியை நிலமே ஆட்கொண்டுள்ளது. கூர்ந்து நோக்கினால் உள்ளங்கைகளில் சிறு வடுக்கள் தெரிகின்றன. முகம் இடப்புறமாக மேல் நோக்கியிருக்கிறது. வாய் சற்றே திறந்திருக்கிறது. அந்த இடப்புற மேல்மூலையிலிருந்து ஒளி வருகிறது. அங்கே ஒரு லாரல் மரம் ஒளியில் நனைந்து, சாய்ந்து நிற்கிறது. துறவியின் நிழல் அவருக்குப் பின்னே விழுகிறது.

பலகையின் மேல்விளிம்பு சிறிது வெட்டப்பட்டுள்ளது. வெட்டுண்ட பகுதியில் சேராபீன் இருந்திருக்கக் கூடுமோ என்ற ஐயமும் எழுந்ததுண்டு. ஆனால், இருக்கும் படத்தின் ஒளியமைப்பே தன் பணியை முழுமையாகச் செய்கிறது. அமெரிக்கக் கலை வரலாற்றறிஞர் மில்லர்ட் மீஸ் 1964இல் வெளியிட்ட ஆய்வில் இதனை வலியுறுத்தினார். காயங்கள் பதியும் நிகழ்ச்சியே இங்கு வரையப்பட்டுள்ளது. வானதூதரின் இடத்தில் ஒளி நிற்கிறது என்பது அவர் கொள்கை.

விடியலுக்கு முன் ஒரு விடியல்

மீஸின் கொள்கைக்கு வலுவூட்டும் பழங்கதை ஒன்று உண்டு. பிரான்சிஸைப் பற்றிய கதைகளைத் தொகுத்த ‘ஃபியோரெத்தி’ என்னும் பதினான்காம் நூற்றாண்டு இத்தாலிய நூலோடு, திருக்காயங்களைப் பற்றிய சிந்தனைகளும் சேர்ந்து வழங்குகின்றன. அதில் வரும் செய்தி இது: காயங்கள் பதிந்த அவ்விரவில் லா வெர்னா மலை முழுதும் தீப்பற்றியதுபோல் ஒளிர்ந்தது. சுற்றியுள்ள மலைகளும் பள்ளத்தாக்குகளும் பகலாயின. மந்தை காத்திருந்த இடையர்கள் அஞ்சினர். ரொமாஞ்ஞாவுக்குச் செல்லவிருந்த கோவேறு கழுதைக்காரர் சிலர், பொழுது விடிந்ததென எண்ணி எழுந்து விலங்குகளின்மேல் சுமையேற்றிப் புறப்பட்டனர். வழியில் அவ்வொளி மறைய, பின்னரே உண்மையான கதிரவன் எழக் கண்டனர்.

இக்கதையை நெஞ்சில் கொண்டு ஓவியத்தைப் பார்த்தால் சில விவரங்கள் தாமே எழுந்து வருகின்றன. நடுத்தொலைவில் மந்தையுடன் ஓர் இடையன். புல்வெளியில் ஒரு கழுதை. அப்பால் மதில் சூழ்ந்த நகரம், ஆரவாரமின்றி. விடியலா, விடியலுக்கு முன் வந்த மற்றொரு விடியலா என்று துணிய முடியாத ஒளி.

ஆயினும் கதை எல்லாவற்றையும் விளக்கிவிடவில்லை. இக்கழுதையின்மேல் சுமை இல்லை, சேணம் இல்லை, ஓட்டுபவன் இல்லை. அருகே, மேட்டின் ஓரத்தில் ஒரு சாம்பல் நாரை அசையாமல் நிற்கிறது. கற்சுவரின் பொந்திலிருந்து ஒரு முயல் தலை நீட்டுகிறது. இவை எந்த நிகழ்ச்சிக்கும் சான்று கூற வந்தவை அல்ல. ஆகவேதான் பொருள்தேடும் கண்கள் இவற்றின்மேல் மிகுதியாகப் பதிந்தன.

பொருள்தேடும் கண்கள்

இடைக்கால இலக்கிய ஆய்வாளர் ஜான் ஃப்ளெமிங் 1982இல் ஒரு நூல் முழுதையும் இவ்வோவியத்திற்கு ஒதுக்கினார். பிரான்சிஸ்கன் மரபினர் விவிலியத்தை வாசித்த முறையிலேயே இப்படத்தையும் வாசிக்க வேண்டும் என்பது அவர் துணிபு. மேசையடியில் மிதியடிகள் கிடக்கின்றன. எரியும் முட்செடியின் முன் மோசே மிதியடியைக் கழற்றியது நினைவுக்கு வருகிறது. ஒளியேந்திய லாரல் மரத்தை அந்த முட்செடியாகக் காண்பவர் உண்டு. பாறையிடுக்கில் மறைக்கப்பெற்ற மோசேயைப் பொந்தின் முயலில் காண்பவர் உண்டு. பிரான்சிஸ் தம் உடலைக் ‘கழுதைச் சகோதரன்’ என்று அழைத்தவராதலால், கழுதையை அடக்கப்பெற்ற உடலாகக் கொள்வாரும் உண்டு. மேசைமேலுள்ள மண்டையோடு நிலையாமையையும், பந்தலில் படர்ந்த திராட்சைக்கொடி கிறிஸ்துவையும் குறிக்கும் என்பதில் பெரிதும் கருத்து வேற்றுமை இல்லை.

என் பங்கிற்கு ஒன்று கூறலாம். படைப்பைப் புகழும் 104ஆம் திருப்பாடலில் காட்டுக் கழுதைகள் வருகின்றன. பறவைகளின் உறைவிடங்கள் வருகின்றன. பாறையிடுக்கைப் புகலிடமாகக் கொண்ட சிறுவிலங்கும் வருகிறது. கழுதை, நாரை, முயல் மூன்றையும் இப்பாடலின் அருகே வைத்துப் பார்க்க இடமுண்டு. தொடக்கத்தில் இதனைக் கண்டுகொண்டபோது நான் பெருமகிழ்ச்சி அடைந்தேன். பூட்டு திறந்துவிட்டது என எண்ணினேன். ஆனால் மீண்டும் படத்தைப் பார்த்தபோது, கழுதை என்னைப் பொருட்படுத்தாமல் அங்கேயே நின்றது. அதன் காதுகளையும் அதன் பொறுமையையும் நான் பார்க்கவே இல்லை என்பதை உணர்ந்தேன். திருப்பாடலைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் கழுதையை இழந்திருந்தேன்.

மிதியடிகளையே எடுத்துக்கொள்வோம். மோசேயின் நினைவு அங்கு உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு முன்பே அவை வேறொன்றைச் சொல்கின்றன. மேசையில் நூல் இருக்கிறது. மேசையடியில் மிதியடி இருக்கிறது. மனிதர் மட்டும் அங்கே இல்லை. அமர்ந்து படித்துக்கொண்டிருந்தவர், ஏதோ ஒன்று அழைத்ததுபோல் எழுந்து, வெறுங்காலுடன் வெளியே வந்துவிட்டார். அந்த விரைவு மிதியடிகளில் இருக்கிறது. விவிலியம் அறியாதவரும் இதனைப் படிக்கலாம். விவிலியம் அறிந்தவர், வெறுங்காலின் தண்மையை உணர்ந்த பிறகு மோசேயிடம் சென்றால், மோசேயும் உயிருள்ள மனிதராக நிற்பார். நேரே மோசேயிடம் தாவினால் மிதியடியும் இல்லை, காலும் இல்லை, ஓர் அடிக்குறிப்பே எஞ்சும்.

ஒளி பிறந்த வழி

இவ்வளவு சிறு பொருள்களும் தனித்தனியே கண்ணில் படுவதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. அதற்கு முன் இத்தாலியப் பலகை ஓவியங்களில் பெரிதும் வழங்கியது முட்டைக்கரு கலந்த வண்ணம். அது விரைவில் உலர்ந்துவிடும். நிறத்தோடு நிறம் இழையச் செய்வது கடினம். எண்ணெய் வண்ணம் மெல்ல உலரும். ஒன்றின்மேல் ஒன்றாக மெல்லிய, ஒளி ஊடுருவும் படலங்களைப் பூசலாம். பிளாண்டர்ஸ் நாட்டு ஓவியர்கள் இதில் தேர்ச்சி பெற்றிருந்தனர். அம்முறையில் வல்லவரான அன்டோனெல்லோ தா மெஸ்ஸினா 1475, 1476 ஆண்டுகளில் வெனிஸில் தங்கிப் பணியாற்றினார். பெல்லினியின் இவ்வோவியம் அக்காலத்தை ஒட்டியது.

பலகையின்மேல் முதலில் வெண்மையான சுண்ணப் பூச்சு இடப்படும். அதன்மேல் படலங்கள் அமையும். காண்பவர் இருக்கும் அறையின் ஒளி அப்படலங்களை ஊடுருவிச் சென்று, வெண்பூச்சில் பட்டு, நிறங்களினூடே திரும்பி வருகிறது. பாறைகள் உள்ளிருந்து ஒளிர்வதாகத் தோன்றுவதன் காரணம் இதுவே. 2010இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்தில் அகச்சிவப்புக் கதிர்களைக் கொண்டு இவ்வோவியம் ஆராயப்பெற்றது. அதன் முடிவுகளை ஃபிரிக் தொகுப்பு 2011இல் காட்சியாக வைத்தது. வண்ணத்தின் அடியில் மிகுந்த கவனத்துடன் வரையப்பட்ட கோடுகள் வெளிப்பட்டன. ஒளியின் இயல்பான வீச்சு என நாம் எண்ணுவது, முன்கூட்டித் திட்டமிட்ட உழைப்பின் பயன்.

பொற்கோட்டுக்கும் இவ்வொளிக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது. பொற்கோடு ஒருவரை மட்டும் தேர்ந்தெடுத்துச் சென்று தொடும். பெல்லினியின் ஒளி துறவியின் மேலும் விழுகிறது. கழுதையின் மேலும் விழுகிறது. மிதியடி, மண்டையோடு, முயலின் காது, தொலைவில் உள்ள மதில் எல்லாவற்றின் மேலும் விழுகிறது. இது பொருள்களுக்கு இடையே வைக்கப்பட்ட மற்றொரு குறியீடு அன்று. எல்லாப் பொருளையும் காணத் தருவதே இதன் செயல்.

பார்வை மங்கியவரின் பாடல்

துறவியின் வாய் சற்றே திறந்திருப்பதைக் கண்டு, அவர் பாடுகிறார் என்று கொள்வாரும் உளர். அவர் பாடுவது தாமே இயற்றிய ‘கதிரவப் பாடல்’ என்பது அவர்கள் கருத்து. அப்பாடலின் வரலாறு கவிஞர்கள் அறிய வேண்டியது. லா வெர்னா நிகழ்ச்சிக்குப் பின், 1225இல், அசிசியை அடுத்த சான் தமியானோவில் பிரான்சிஸ் நோயுற்றுக் கிடந்தார். கண்நோய் முற்றியிருந்தது. பகலில் கதிரவன் ஒளியையும் இரவில் நெருப்பின் ஒளியையும் அவர் கண்கள் தாங்கவில்லை. அந்நிலையில்தான் கதிரவனைப் புகழும் பாடலை இலத்தீனில் அன்றித் தம் நாட்டு மக்கள் மொழியில் இயற்றினார். இத்தாலிய இலக்கியத்தின் தொடக்க காலப் படைப்புகளுள் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. மறு ஆண்டு, 1226 அக்டோபர் 3ஆம் நாள், அவர் மறைந்தார்.

அப்பாடலில் கதிரவன் ‘சகோதரன்’ என விளிக்கப்படுகிறான். அவன் இறைவனைச் சுட்டும் பொருளை ஏந்தியவன் என்ற கருத்தும் அதிலேயே உண்டு. வரிசையை நோக்குக. முதலில் அவன் உடன்பிறந்தவன். பின்னரே அவன் ஒன்றைச் சுட்டுகிறான். உறவு முதலிலும் குறி பின்னரும் வருகின்றன. ஒளியைக் காணவே இயலாத ஒருவருக்கு ஒளி வெறும் குறியாக இருந்திருக்க இயலாது. அது அவர் இழந்துகொண்டிருந்த பொருள். பெல்லினி அந்நோயை வரையவில்லை. அவருடைய பிரான்சிஸ் கண்ணைத் திறந்து ஒளியை நேரே நோக்குகிறார். ஆனால், வரலாறு அறிந்தவர் அக்கண்களைக் கலக்கமின்றிப் பார்க்க முடியாது.

நம் அளவுகோல்

வெனிஸ் ஓவியத்திற்கும் நம் பொருளிலக்கணத்திற்கும் வரலாற்றுத் தொடர்பு ஏதுமில்லை. எனினும், நமக்குப் பழகிய அளவுகோலைக் கொண்டு அளந்து பார்ப்பதில் தவறில்லை. தொல்காப்பியர் உள்ளுறையையும் இறைச்சியையும் வேறுபடுத்துகிறார். உள்ளுறையில், நிலத்துப் பொருள்கள் மாந்தரோடு உறுப்புக்கு உறுப்பு பொருந்தி நிற்கும். இறைச்சிப் பொருளோ சொல்லப்பட்டதன் புறத்தே, நுட்பமறிந்தோர் உணரத் தோன்றும். கழுதையே உடல், முயலே மோசே என்று ஒவ்வொன்றுக்கும் இணை தேடுவோர் பெல்லினியை உள்ளுறையாகவே படிக்கின்றனர். என் கருத்தில் இவ்வோவியம் இறைச்சிக்கே நெருங்கியது. ஒவ்வொரு பொருளும் தானாகவே நிற்கிறது. பொருள், அவற்றின் புறத்தே, ஒளிபோலப் பரவுகிறது.

உள்ளுறை உவமத்திற்குத் தெய்வம் ஒழிந்த கருப்பொருளையே தொல்காப்பியர் நிலைக்களனாக வகுத்தார் என்பதும் நினைவுக்கு வருகிறது. தெய்வத்தை வெளிப்படையாக நிறுத்திவிட்டால், குறிப்பால் உணர்த்த என்ன எஞ்சும்? சேராபீனை நீக்கிய ஓவியரும் இதனை ஒத்த உண்மையைத் தம் வழியில் கண்டிருக்க வேண்டும். வானதூதர் இருந்திருந்தால் நாம் அவரை மட்டுமே பார்த்திருப்போம். அவர் இல்லாததால், நாரை வரை சென்று தேடுகிறோம்.

நிறைவாக

காயங்கள் பதிந்த நிகழ்ச்சியா, கதிரவப் பாடலா, மோசேயின் மறுவடிவமா என்னும் வழக்கு இன்னும் முடியவில்லை. மூன்று கொள்கைகளுக்கும் பலகையில் சான்று உண்டு. எந்த ஒன்றும் பலகை முழுதையும் தனதாக்கிக்கொள்ள இயலவில்லை. இதனை ஓவியத்தின் குறையாக நான் கருதவில்லை. பொருளை உரைக்கும் முன் பொருள்களைக் காண் என்பதே அது நம்மிடம் கேட்கும் ஒழுங்கு. அவ்வொழுங்கு கவிதைக்கும் உரியது. எழுதும்போது கொக்கைக் காணாமல் குறியீட்டை மட்டும் கருதி எழுதினால், அக்கவிதையில் கொக்கு பறக்காது. வாசிக்கும்போதும் அவ்வாறே.

அந்த மாணவி படிப்பு முடித்துச் சென்றுவிட்டாள். இன்று எங்கோ ஆசிரியையாக இருக்கக் கூடும். அவள் வினாவுக்கு அன்று நான் கூறியிருக்க வேண்டிய விடையை இம்மலரில் எழுதி வைக்கிறேன். இருக்கலாம், அம்மா. அது முதலில் கொக்காகத்தான் இருக்க வேண்டும். அதன் இறகின்மேல் வெயில் எப்படி விழுகிறது என்று இருவரும் சேர்ந்து பார்ப்போம். மற்றவற்றை அதன் பிறகு பேசுவோம்.